நிலை வைப்பதற்கு முன்பே தரை முடிவாக வேண்டும்

வீடு கட்டுகிற இடத்தில் அடிக்கடி காதில் விழுவது, "அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம்" என்ற பேச்சுதான். தரைக்கு என்ன போடுவது, சமையல் மேடைக்கு என்ன கல், குளியலறைக்கு எந்த டைல்ஸ், சுவருக்கு என்ன நிறம், எதைக் கேட்டாலும் இதே பதில் வரும். மேஸ்திரி சொல்வார், கொத்தனார் சொல்வார், வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அஸ்திவாரமும் காங்கிரீட்டும்தான் கட்டுமானம், மற்றதெல்லாம் வீடு முடிந்தபின் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குகிற அலங்காரம் என்ற எண்ணம் நம் ஊரில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. சிவகங்கையில் எங்கள் வீடு எழும்பியபோது நான் கண்டது இதற்கு நேர்மாறாக இருந்தது. கடைசியில் செய்யப்போகிற வேலையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதிலும் தரையை, வாசலுக்கு நிலை வைத்து மஞ்சள் பூசிப் பூப்போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆலையில் சுட்டு இறுக்கிச் செய்கிற விட்ரிஃபைடு டைல்ஸின் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அடியில் கலவை ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் மொத்தம் 2 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். காரைக்குடிப் பக்கம் கையால் செய்கிற சிமெண்டுத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலம் வரும். கலவையோடு சேர்த்தால் இரண்டேகால், சில இடத்தில் இரண்டரை. படிக்கட்டுக்குப் போடுகிற கிரானைட் 18 மில்லிமீட்டர், அதற்குக் கீழே கலவை குறைவு, ஆகமொத்தம் ஒன்றரை அங்குலம்தான் ஏறும். இப்போது படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் போடும்போது எல்லாப் படியையும் 6 அங்குலமாகப் பிரித்து அழகாகப் போட்டுவிட்டார்கள். பிறகு கீழ்த்தரை இரண்டரை அங்குலம் ஏறுகிறது, முதல் படி ஒன்றரைதான் ஏறுகிறது. முதல் படியின் உயரம் 5 அங்குலமாகிவிட்டது. மேலே போனால், மாடித்தரை இரண்டரை ஏறியிருக்கும், அதற்கு முந்தைய படி ஒன்றரை. அங்கே உயரம் 7 அங்குலம். கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். படி ஏறுகிறவருடைய கால், முதல் இரண்டு படியில் பழகிய உயரத்தையே கடைசிப் படி வரைக்கும் எதிர்பார்க்கும். எத்தனையோ புது வீட்டில் மேல்படியில் எல்லோரும் தடுக்குவதற்கும், "பாத்து வாங்க, அந்தப் படி கொஞ்சம் தட்டும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

கதவுக்கும் இதே கதை. இப்போது உள் அறைகளுக்குக் கீழ்க்கட்டை இல்லாத, மூன்று பக்க நிலைதான் வைக்கிறார்கள். நினைத்ததைவிடத் தரை முக்கால் அங்குலம் ஏறினால் கதவின் அடியை அறுக்க வேண்டும். தேக்குக் கதவாக இருந்தால் அறுத்துவிடலாம். உள்ளே கட்டையும் பலகையும் வைத்து ஒட்டிய ஃபிளஷ் கதவை அடியில் நிறைய அறுத்தால் அதன் உறுதி போய்விடும், அறுத்த இடத்தில் ஈரம் ஏறும். ஓர் அறையில் டைல்ஸ், பக்கத்து அறையில் ஆத்தங்குடி என்றால் இரண்டும் சந்திக்கிற வாசலில் அரை அங்குலம் மேடு நிற்கும். அதை மறைக்க ஒரு கிரானைட் பட்டையைப் போடுவார்கள், அதில் கால் இடறும்.

"தரைக்கு எவ்வளவு விட்டிருக்கீங்க அண்ணே?" என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். "ரெண்டு அங்குலம் விட்ருக்கேன் தங்கச்சி, எல்லா வீட்டுக்கும் அதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லோரும் ஒரே டைல்ஸைப் போடுகிற காலத்தில் அது சரியான பதில்தான். எந்த அறைக்கு என்ன தரை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் அவரே உற்சாகமாகிவிட்டார். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஆள் பிடிக்க மறுமுனையோடு அறை அறையாக நடந்து, எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்துக்குக் கோடு அடித்தார். தரை முடிந்தபின் இருக்கவேண்டிய மட்டத்திலிருந்து சரியாக 3 அடி மேலே அந்தக் கோடு. அதன்பின் நிலையும் சன்னலும் சமையல் மேடையும் படிக்கட்டும் எல்லாமே அந்தக் கோட்டிலிருந்து அளந்து வைத்தவைதான். லேசர் மட்டம் வந்துவிட்ட காலத்திலும் டியூப் மட்டம் பொய் சொல்லாது. தண்ணீர் தன் மட்டத்தை எங்கேயும் மாற்றிக்கொள்வதில்லை.

சரி, என்ன தரை என்பதற்கு வருகிறேன். இதற்குத்தான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு 4க்கு 2 அடி அளவில், பளிங்குபோல நரம்போடிய, முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ் பிடித்திருந்தது. மதுரையில் பெரிய கடைகளில் ஏறி இறங்கினால் யாருக்குமே அதுதான் பிடிக்கும். குஜராத்தில் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிற சரக்கு அது. கடையில் மேலேயிருந்து நூறு விளக்கு அடிக்கும்போது அது மின்னுகிற அழகே தனி. ஆனால் எங்கள் பக்கம் செம்மண் பூமி. வாசலில் மாட்டுவண்டி போனாலும் பஸ் போனாலும் வீட்டுக்குள் செந்தூசி வந்து படியும். வெள்ளைப் பளபளப்பில் அந்தத் தூசியும், ஈரக்கால் தடமும், துடைத்த துணியின் கோடும் ஒன்றுவிடாமல் தெரியும். நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்கப்போவது யார் என்ற கேள்வியைக் கடைக்காரர் கேட்கமாட்டார். வீட்டில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது அப்பத்தா. என் வீட்டுக்காரருடைய அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர், கொல்லையில் துணி துவைத்துவிட்டு ஈரக்காலோடு அப்படியே உள்ளே வருகிறவர். அந்த வயதில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் படுக்கைதான் என்று எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறோம். அதனால் கடைகளில் கேட்டு ஒவ்வொரு ரகத்திலும் மாதிரிக்கு ஒரு டைல்ஸ் வாங்கி வந்து, பழைய வீட்டின் துவைகல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினோம். சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். நானும் அத்தையும் இரண்டு பக்கமும் கைபிடித்துக்கொள்ள, அப்பத்தா ஒவ்வொன்றின்மேலும் வெறுங்காலை வைத்து, பெருவிரலை ஊன்றிப் பார்த்தார். பளபளப்பான டைல்ஸில் குதிகால் ஓர் அங்குலம் முன்னால் ஓடியது. "ஏத்தா, இது ஐஸ் கணக்கால்ல இருக்கு, எடுத்து அங்கிட்டுப் போடு" என்றார். சொரசொரப்பு அதிகமான ஒன்றில் கால் நன்றாக நின்றது, ஆனால் "உள்ளங்கால் அரிக்குது" என்றார். நடுவாக இருந்த, பளபளப்பில்லாத மேட் ரகம் ஒன்றில்தான் கை விட்டுவிட்டு நின்றார்.

டைல்ஸ் பெட்டியிலோ கடைக்காரரின் பட்டியலிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஆனால் அந்த எண்ணைக் கொடுக்கிற சோதனையில் சரிவில் நடப்பவர் காலணி போட்டுக்கொண்டு, எண்ணெய் ஊற்றிய பரப்பில் நடக்கிறார். தொழிற்கூடங்களுக்காக வந்த முறை அது. வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கிற நமக்கு அந்த எண் ஒரு துப்பு மட்டும்தான். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் காலைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

கூடத்துக்கு ஆத்தங்குடி என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக்குப் போய், கல் உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் ஆசை வந்துவிடும். முதலில் ஒரு கண்ணாடிப் பலகையைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் சதுர இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. வெள்ளை சிமெண்டில் நிறப்பொடியைக் குழைத்துக் கூழாக்கி, சிவப்புக்கு ஒரு கிண்ணம், மஞ்சளுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, கரண்டியால் அந்தந்தக் கட்டத்துக்குள் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அந்த ஒரு நொடியில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. கொஞ்சம் சாய்த்துத் தூக்கினாலும் இதழ் கலைந்துவிடும். பிறகு மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அது கூழிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் செய்து, சட்டத்தை எடுத்துவிட்டுக் காய வைக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். கடைசியில் கண்ணாடி தனியாகக் கழன்று வரும். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் கல்லின் முகம். சூளையில் வைத்துச் சுடுவது கிடையாது. மெருகு போடுகிற இயந்திரமும் கிடையாது. அந்த மினுமினுப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் இந்தக் கல் தலைமுறைகளைத் தாண்டிக் கிடக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. கானாடுகாத்தான் தெருக்களில் நடந்து எந்த வீட்டுத் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாலும், ஆள் நடந்து நடந்தே மெருகேறிய தரை தெரியும். நடக்க நடக்க மினுக்கு கூடுகிற தரை என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கிய அன்று எப்படி இருக்கிறதோ அதுதான் அதன் உச்சம். அதன்பின் கீறல் மட்டும்தான் சேரும். ஆத்தங்குடி அப்படியில்லை. அது குடும்பத்தோடு சேர்ந்து பழுக்கிறது.

ஆனால் இதைக் கண்மூடித்தனமாக வீடு முழுக்கப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். இது சிமெண்ட். சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ கொட்டி அப்படியே கிடந்தால் மினுக்கு அரித்துப்போய், அந்த இடம் மங்கித் தழும்பாக நிற்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் முடிந்தது. அதனால் சமையலறைக்கு வேண்டாம். சூரியன் நேராக விழும் இடத்தில் நிறம் வெளுக்கும். திறந்த முற்றத்துக்கும் மாடிக்கும் வேண்டாம். எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். பதிக்கிற வரிசையையும் கவனிக்க வேண்டும். பட்டி, பிரைமர், பெயிண்ட் வேலையெல்லாம் பெரும்பாலும் முடிந்தபிறகுதான் இதைப் பதிக்க வேண்டும், இல்லையென்றால் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் கறையாகும். பதிக்கவும் இந்தக் கல்லில் பழகிய ஆள் வேண்டும். சாதாரண டைல்ஸ்காரர் ரப்பர் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் மூலை உடையும். பதித்து முடித்தபின் நெல் உமியைப் போட்டுச் சாக்கால் தேய்ப்பார்கள், அப்புறம் துடைக்கிற தண்ணீரில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய். அவ்வளவுதான் பராமரிப்பு. எங்கள் கூடத்தில் பூக்கல் நடுவில் மட்டும், சுற்றிலும் ஓரக்கல், மீதியெல்லாம் பூவில்லாத சிவப்பு. கூடம் முழுக்கப் பூக்கல் போட்டால் அதன்மேல் வைக்கிற நாற்காலி, பாய், மனிதர்கள் எல்லாமே அதற்குள் காணாமல் போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

படுக்கையறைக்கும் சமையலறைக்கும் அப்பத்தா கையை விட்டு நின்ற அதே மேட் டைல்ஸ், 2க்கு 2. அதில் நான் பிடிவாதமாக நின்ற ஒரே இடம் இணைப்பு. "இடைவெளியே தெரியாம ஒட்டிப் போட்டுர்றேன், நல்லா இருக்கும்" என்று டைல்ஸ்காரர் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் டைல்ஸும் அடிக் கலவையும் விரியும். விரிய இடமில்லை என்றால் ஒரு நாள் மத்தியானம் நடுக்கூடத்தில் இரண்டு டைல்ஸ் கூரைபோல முட்டிக்கொண்டு எழும்பும். சித்திரை வெயிலில் இப்படி டைல்ஸ் வெடித்துத் தூக்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விடுகிற 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டு, அதைச் சுவரின் அடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்தால் இந்தத் தொல்லை வராது. இன்னொன்று, விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவிகிதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதனால்தான் கறை பிடிப்பதில்லை. அதே காரணத்தால் சிமெண்டுப் பாலும் அதன் முதுகில் சரியாகப் பிடிப்பதில்லை. தரையில் பரவாயில்லை, சுவரில் ஒட்டும்போது டைல்ஸ் ஒட்டுப்பசைதான் வேண்டும். அந்தப் பசை மூட்டையை வாங்கும்போது விலையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். பதித்துக் காய்ந்தபின் விரல் முட்டியால் ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையையும் தட்டிக் கேளுங்கள். உள்ளே காலியாக இருந்தால் சத்தம் மாறும். அந்த டைல்ஸை அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிடுங்கள். கணக்கு முடித்து ஆள் போனபிறகு யாரும் வரமாட்டார்கள்.

குளியலறையில் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். தண்ணீர் தானாக ஓடி வெளியேற 8 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். இந்தச் சரிவு நாலு பக்கத்திலிருந்தும் ஒரு துளைக்கு வர வேண்டும் என்றால் டைல்ஸ் சிறியதாக இருந்தால்தான் முடியும். 1க்கு 1 அடி டைல்ஸ் வாட்டத்துக்குத் தகுந்தபடி உட்காரும். 4க்கு 2 பலகையை எப்படிச் சாய்த்தாலும் ஒரு மூலையில் தண்ணீர் குட்டையாக நிற்கும். இப்போது குளியலறைத் தரைக்கும் பெரிய டைல்ஸ் கேட்கிறார்கள், கடையிலும் விற்கிறார்கள். வேண்டாம். கலவை காயும் முன்பே ஒரு வாளித் தண்ணீரை மூலையில் மெதுவாகச் சாய்த்துப் பார்த்துவிட்டால் சண்டையே வராது.

நிறத்துக்கும் இங்கே காரணம் தண்ணீர்தான். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. கறுப்பு டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, கண்ணாடிபோல மின்னும் குழாய், எதில் சொட்டு விழுந்து காய்ந்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். கறுப்புக் குளியலறை படத்தில் அவ்வளவு நன்றாக இருக்கும், உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். அதனால் எங்களுக்கு மணல் நிறம். கண்ணாடித் தடுப்பு கிடையாது. அப்பத்தா பிடித்து எழ இரண்டு கைப்பிடி. அந்தக் கைப்பிடியையும் டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எந்த உயரத்தில், எந்தச் சுவரில் என்று தெரிந்தால் அந்த இடத்தில் டைல்ஸுக்குப் பின்னால் கலவையோ பசையோ இடைவெளியில்லாமல் நிறைத்து ஒட்டுவார்கள். காலியான டைல்ஸில் துளை போட்டு மாட்டிய கைப்பிடி, பாரம் விழுகிற அன்றைக்கு டைல்ஸோடு கையில் வந்துவிடும். அப்பத்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எழச் சொல்லி, கை எங்கே போகிறதோ அங்கே கரித்துண்டால் குறித்தோம்.

சமையலறையில் எனக்கும் அத்தைக்கும் உயர வித்தியாசம் அரை அடி. பழைய வீட்டு மேடை இரண்டரை அடி. அதில் காய் நறுக்கினால் எனக்கு முதுகு பிடிக்கும். இப்போது எல்லோரும் வைக்கிற 34 அங்குலத்தை வைத்தால், அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் குக்கர், உள்ளே எட்டிப் பார்க்க அத்தை குதிகாலைத் தூக்க வேண்டும். கொதிக்கிற குழம்பைக் கிண்டும்போது முகத்துக்கு நேரே ஆவி அடிக்கும். பூசாத சமையலறையில் செங்கல்லை அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல் அடுப்பையும் பெரிய குக்கரையும் வைத்து, இரண்டு பேரும் மாறி மாறி நின்று பார்த்தோம். முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு ஏறக்குறைய 4 அங்குலம் கீழே கை வேலை செய்கிற இடம் இருப்பது சுகம். அடுப்புக்கு அந்தக் கணக்கில் இன்னும் குறைய வேண்டும். கடைசியில் நறுக்குகிற, கழுவுகிற பக்கம் 34, அடுப்புப் பக்கம் 30 என்று மேடை இரண்டு மட்டமாக ஆனது. இரண்டு மட்டமென்றால் கிரானைட் வெட்டுவதில் செலவு கொஞ்சம் கூடும், நேராக ஓடுகிற மேடையின் அழகும் போகும். தினம் மூன்று வேளை அங்கே நிற்கிற இரண்டு முதுகுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. இதுவும் மேடைக்குக் காங்கிரீட் போடும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லில் குவார்ட்ஸா கிரானைட்டா என்று பேச்சு வந்தது. குவார்ட்ஸ் என்பது கல்தூளையும் பிசினையும் சேர்த்து ஆலையில் செய்வது. ஒரே சீரான நிறம், பார்க்க அருமை. ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையும் தோசைக்கல்லையும் நேராக மேடையில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் மாறும் என்று நம்பி ஒரு கல்லை வாங்க முடியாது. கிரானைட்தான். கறுப்புக் கல் வாங்கும்போது ஒரு வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்துக் கல்லை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கை தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள். தண்ணீர் நின்ற இடம் கருத்துத் தெரிந்தால் கல் குடிக்கிறது, மஞ்சளையும் எண்ணெயையும் அப்படியே குடிக்கும். பலகையைச் சாய்த்து நிறுத்தி, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மயிரிழை விரிசல்கூடத் தெரியும். மேடையின் முன்விளிம்புக்கு அடியில் நீளமாக ஒரு சிறு வெட்டுப் போடச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் அந்த வெட்டில் நின்று கீழே சொட்டிவிடும், கீழ் அலமாரியின் கதவுக்கு வராது. அலமாரித் தட்டுகளுக்குக் கடப்பாக்கல் போதும். அது சுண்ணாம்புக்கல் வகை, ஊறுகாய் ஜாடி வைக்கிற தட்டில் மட்டும் வேண்டாம்.

மரவேலையை நீட்டவில்லை. தண்ணீர் படுகிற சமையலறைக் கீழ் அலமாரிகளுக்கு மட்டும் ஐ.எஸ். (இந்தியத் தரநிர்ணயம்) 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303. அந்த 710 தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆசாரி, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை வெந்நீர் போடுகிற அடுப்பில் பானைக்குள் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டார். சாயங்காலம் எடுத்து ஓரத்தில் உளியை வைத்து நெம்பினார். பிரியவில்லை. அதன்பிறகுதான் மீதிப் பலகையை இறக்கச் சொன்னார். இப்படி ஓர் ஆசாரி கிடைப்பது அந்த வீட்டின் கொடுப்பினை. பலகையின் வெட்டிய ஓரங்களையெல்லாம், கண்ணில் படாத பின்பக்க ஓரத்தையும் சேர்த்து, பட்டை ஒட்டி மூடச் சொன்னார். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தானாம்.

பெயிண்டில் அவசரம்தான் எதிரி. பூச்சு வேலை முடிந்த சுவரில் ஈரம் உள்ளே இருக்கும்வரை அது வெளியே வந்துகொண்டே இருக்கும், வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த உப்புப் பூக்கும்போது மேலே பட்டியும் பெயிண்டும் இருந்தால் செதில் செதிலாக உரிந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு அதற்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்று ஓடுவதால்தான் புது வீடுகள் ஒரு வருடத்தில் பழைய வீடாகின்றன. நாங்கள் பால் காய்ச்சும்போது சுவரெல்லாம் வெறும் பிரைமர்தான். சொந்தக்காரர்களில் சிலர் "என்னத்தா, வெள்ளையோட நிக்குது" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் இளமஞ்சளாகத் தெரிவது நாலு சுவரிலும் ஏறினால் அழுத்தமாக அடிக்கும். சின்ன டப்பா வாங்கி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சதுரமும் சன்னல் இருக்கிற சுவரில் ஒரு சதுரமும் 3 அடிக்கு 3 அடி அடித்துப் பாருங்கள். காலையில், மத்தியானத்தில், விளக்குப் போட்டபின் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் நன்றாக இருக்கும் பச்சை, மஞ்சள் விளக்கில் பாசிபோலத் தெரியலாம். அந்த அறைக்கு எந்த விளக்கு மாட்டப்போகிறீர்களோ அதையே கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி மேலேயிருந்து கீழே அடிக்கிற விளக்கு வைக்கிற சுவருக்குப் பளபளப்புப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், பூச்சின் மேடுபள்ளம் அத்தனையும் காட்டிவிடும். என் மகள் அவள் அறைக்கு ஊதா கேட்டாள். ஒரு சுவருக்கு ஊதா கொடுத்தோம். அவள் படுத்துப் பார்க்கிற சுவர் அதுதான் என்பதால், பார்த்துப் பார்த்து அவளே தேர்ந்த ஊதா.

கடைசியாக ஒன்று. டைல்ஸ் வாங்கும்போது அளவுக்கு மேல் பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்க்க வேண்டும். பெயரும் டிசைனும் ஒன்றாக இருந்தும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும், அளவும் மயிரிழை மாறும். பதித்தபின்தான் தெரியும். ஆத்தங்குடியில் இது இன்னும் கவனம். கையால் கலக்கிற நிறம், அடுத்த முறை அதே சிவப்பு வராது. மிஞ்சியதில் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியாவது பரணில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த அறைக்கு எந்த டைல்ஸ், பேட்ச் எண், பெயிண்டின் நிற எண், கிரானைட்டின் கனம், எந்தச் சுவருக்குள் எந்த உயரத்தில் குழாயும் ஒயரும் ஓடுகிறது என்று எல்லாமே அதில் உண்டு. சுவரை மூடும் முன் எடுத்த போட்டோக்களை அச்சுப் போட்டு ஒட்டியிருக்கிறோம். நோட்டு பூஜையறை அலமாரியில், பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.